பூஞ்சை வளராத வட்டம்

என் கணவர் குளிக்கப் போகும்போது இடது காதில் மட்டும் பஞ்சை அடைத்துக்கொள்வார். பஞ்சின் மேல் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டுதான் தலைக்கு ஊற்றுவார். கல்யாணமான புதிதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கம் ஏரி நிரம்பி, அவருடைய கூட்டாளிகள் எல்லாரும் மதகில் ஏறிக் குதிக்கும்போது, இவர் மட்டும் அத்தனை பேருடைய செல்போனையும் கையில் வைத்துக்கொண்டு கரையில் நிற்பார்.

“ஏரிக்கரையில பொறந்துட்டு தண்ணிக்கு இப்படிப் பயப்படுதீங்களே” என்று கேலி செய்வேன்.

“எனக்கு சளி புடிச்சிக்கும்மா” என்பார்.

நானும் நம்பினேன். மைக்ரோபயாலஜி படித்தவள், கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் பார்க்கத் தெரிந்தவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. கண்ணெதிரே இருந்த பஞ்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் இதை இப்போது எழுத வேண்டியிருக்காது.

நான் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. படிப்பு முடிந்ததும் ஒரகடத்தில் என்ஜின் பாகங்கள் செய்கிற கம்பெனி ஒன்றின் லேபில் வேலை கிடைத்தது. வந்த இடத்தில் இவரைப் பார்த்தேன், இங்கேயே தங்கிவிட்டேன். லேபில் என் வேலை கூலன்ட்டைப் பார்த்துக்கொள்வது. இரும்பைக் குடையும்போது சூடேறாமல் இருக்கப் பால் மாதிரி ஒரு தண்ணீரை அதன்மேல் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். அதுதான் கூலன்ட். எண்ணெயும் தண்ணீரும் கலந்து, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாமல் கிடந்தால், திங்கட்கிழமை காலையில் தொட்டி மூடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம் குடலைப் புரட்டும். தொட்டியின் ஓரமெல்லாம் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம். குச்சியை விட்டு எடுத்தால் முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டு வரும்.

அதைக் கொல்ல ஊற்றிய ரசாயனம் ஆட்களின் கையையும் விட்டுவைக்கவில்லை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, சோறு பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிட்டார்கள். அதனால் ஒரு சப்ளையர் செடிகளிலிருந்து எடுத்த எண்ணெய்களைச் சாம்பிளாகக் கொண்டுவந்து கொடுத்தார். கிராம்பு, ஓமம், எலுமிச்சைப்புல் என்று மூன்று புட்டிகள். சோதித்துப் பார்க்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எண்ணெய்க்கு ஒன்றாக மூன்று தட்டுகளில், பூஞ்சை வளர்க்கும் அகார் கூழின் மேல், தொட்டியிலிருந்து எடுத்த பூஞ்சையைத் தடவினேன். எண்ணெயில் நனைத்த சின்னக் காகித வில்லையை நடுவில் வைத்து, தட்டுகளை இளஞ்சூடான இன்குபேட்டர் பெட்டிக்குள் தள்ளினேன். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தேன். கிராம்புத் தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. கிராம்பு எண்ணெய் இருந்த இடத்தைச் சுற்றி மட்டும், டம்ளரைக் கவிழ்த்து வைத்து எடுத்தது போல, ஒன்றுமே இல்லாத சுத்தமான வட்டம். மற்ற இரண்டு எண்ணெய்களும் வட்டம் போட்டிருந்தன, ஆனால் இவ்வளவு பெரிதாக இல்லை. செல்போனில் படம் எடுத்து, பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன்.

கிராம்பில் இருக்கும் யூஜினால் என்ற சரக்கு, பூஞ்சையின் செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வுக்குள் புகுந்து அதைக் குலைத்துவிடும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே ஒழுகி, பூஞ்சை செத்துப்போகும். ஓமத்தின் தைமாலும் எலுமிச்சைப்புல்லின் சிட்ராலும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கின்றன. சவ்வு என்பது பூஞ்சைக்கு மட்டும் உள்ளதல்ல, நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் உண்டு. அதுவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கியிருக்கிறேன்.

தட்டில் ஜெயித்த எண்ணெய் தொட்டியில் தோற்றது. பெரிய தொட்டியில் அது சரியாகக் கலக்கவில்லை, பாதி ஆவியாகிப் போனது. மெஷின்கள் ஓடுகிற ஷாப் முழுக்க பிரியாணி வாசனை அடித்ததுதான் மிச்சம். ஒரே வாரத்தில் கறுப்புப் படலம் பழையபடி வந்துவிட்டது. தட்டு வேறு, தொட்டி வேறு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்த வட்டம்தான் கண்ணுக்குள்ளேயே நின்றது.

என் கணவர் வேறொரு கம்பெனியில், கார் கதவுக்குத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் இருக்கிறார். அங்கே ஒவ்வோர் அடிக்கும் தரை அதிரும். காதில் இயர் பிளக் இல்லாமல் உள்ளே நிற்க முடியாது. ஆரஞ்சு நிற நுரைப்பஞ்சை விரலால் உருட்டி, ஒல்லியாக்கி, காதுக்குள் திணிக்க வேண்டும். விரல் என்னவோ எண்ணெய்த் தகட்டைத் தொட்ட விரல்தான். டீ குடிக்கப் போகும்போது பிடுங்கிச் சட்டைப் பையில் போடுவார்கள், வந்ததும் அதையே உருட்டித் திணிப்பார்கள். புதியது கேட்டால் ஸ்டோரில் முறைப்பார்கள் என்று ஒரே ஜோடியை வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்த ஷாப்பில் காது குடையாத ஆள் கிடையாது. பைக் சாவியால் குடைந்துகொண்டே பேசுவார்கள்.

போன ஐப்பசி மழையில் இவருக்கு அரிப்பு முற்றியது. இடது காது அடைத்துக்கொண்டது. தலையணையில் கறுப்புக் கறுப்பாகப் பொடி உதிர்ந்தது.

“டாக்டர்கிட்ட போவோம்” என்றேன்.

“போனா எழுதிடுவாங்கம்மா. தை மாசம் மெடிக்கல் கீது” என்றார்.

அதுதான் விஷயம். ஏழு வருடமாக கான்ட்ராக்டில் கிடந்தவர். அந்த வருடம் பிரஸ் ஷாப்பில் ஆறு பேரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள், பட்டியலில் இவர் பெயர் இருந்தது. மெடிக்கலில் தேறினால் ஆர்டர். மெடிக்கல் என்றால் முக்கியமாக ஆடியோ டெஸ்ட், காது கேட்கிறதா என்று பார்ப்பது. காது கோளாறு என்று எங்காவது ஒரு சீட்டில் ஏறிவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அந்த ஷாப்பில் எல்லாரும் நம்பினார்கள். அதனால் காதுக்காக ஒருவரும் டாக்டரிடம் போவதில்லை. நிலத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு அந்தக் கம்பெனியிலேயே தினக்கூலியாக நிற்கிற குடும்பம் இவருடையது. பர்மனென்ட் என்ற சொல்லைச் சொல்லும்போதே இவர் குரல் மாறும். எனக்கும் ஆசைதான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

“நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

பட்ஸில் அவர் காதிலிருந்து கொஞ்சம் எடுத்து, பையில் மறைத்து லேபுக்குக் கொண்டுபோய்த் தட்டில் தடவினேன். கறுப்புப் புள்ளிகளோடு வெல்வெட் போலப் படர்ந்தது. இன்னொரு தட்டில் கிராம்பு எண்ணெய் வில்லையை வைத்தேன். அதே சுத்தமான வட்டம். நிறையத் தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து வைத்தபோது வட்டம் சிறுத்துப்போனது. பாதிக்குப் பாதி வைத்தபோது பெரிதாக இருந்தது. நான் பாதிக்குப் பாதியை எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, என் மடியில் வலப்பக்கமாகப் படுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார்.

“ஊத்தித்தான் ஆகணுமா?”

“தட்டுல பாத்துட்டேன்ங்க. ஒன்னுகூட மிஞ்சல.”

ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்தத்தை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு படுத்தார். நான்கு சொட்டு விட்டேன்.

முதலில் எரிச்சல் என்று முகத்தைச் சுளித்தார். சட்டென்று, “தொண்டைக்குள்ள இறங்குதுமா, கிராம்பு வாசன வருது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. காதில் விட்ட எண்ணெய் தொண்டைக்கு எப்படிப் போகும்? நடுவில் செவிப்பறை என்று ஒன்று இருக்கிறதே. எழுந்து உட்கார முயன்றவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். வீடு சுற்றுகிறது என்றார். தின்ற சோறெல்லாம் வெளியே வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவரின் கண்மணிகள் ஒரு பக்கமாக இழுத்து இழுத்துத் துடித்தன. நான் பயத்தில் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

“சின்ன வயசுல காதுல சீழு வந்துச்சு. ஓட்ட கீதுன்னு சொன்னாங்க” என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே. “சொன்னா நீ இன்னா நெனப்பியோன்னு...”

வேலைக்குச் சேரும்போது மறைத்தது. மறைத்து மறைத்துப் பழகி, கடைசியில் என்னிடமும் மறைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அறைந்திருப்பேன். அறைய வேண்டியது என்னையும்தான்.

அடுத்த நாளே அரிப்பு நின்றுவிட்டது. வலியும் இல்லை. கிராம்பு எண்ணெய் மரத்துப்போக வைக்கும், பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைப்பது அதனால்தான். இது தெரிந்தும் நான் வலி இல்லாததை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். தலைச்சுற்றல் பத்து நாளில் மெல்லக் குறைந்தது. காதுக்குள் பிரஷர் குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் இடது காதில் போனை வைத்து “அலோ, அலோ” என்று கத்திவிட்டு, “டவர் இல்ல” என்று வெட்டினார். எதிர்முனையில் பேசிக்கொண்டிருந்தது நான்தான், தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவரைப் பார்த்தபடியே. நான் பேசியது டவர் இல்லாததால் கேட்காமல் போகவில்லை.

கம்பெனிக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் காது டாக்டரிடம் போனோம். குழலில் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார் அந்த அம்மா.

“பூஞ்சை எதுவும் இல்ல. க்ளீனா இருக்கு” என்றார். பிறகு, “செவிப்பறையில பழைய ஓட்டை இருக்கு. என்ன ஊத்தினீங்க?” என்று கேட்டார்.

சொன்னேன். என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டார். அதையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலாம். ஓட்டை வழியாக எண்ணெய் உள்ளே போய், அங்கிருந்து உள்காது வரை அதன் வேலையைக் காட்டியிருக்கிறது, அங்கே கெட்டது திரும்ப வராது, வலது காதையாவது சத்தத்திலிருந்து காப்பாற்றுங்கள், பிரஸ் ஷாப்பை விட்டுவிடுவது நல்லது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “தைக்குள்ள சமாளிச்சிக்கலாமில்ல?”

சமாளித்தோம். எப்படி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆடியோ டெஸ்டில் தலைக்கு ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். சத்தம் விடுகிறவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார். அவர் ஒவ்வொரு முறை குமிழைத் திருகும்போதும் தோள் லேசாக ஏறி இறங்குவதைப் போன வருடம் போனவர்கள் கவனித்து வைத்திருந்தார்கள். வீட்டில் நான் அவரைப் போல மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, கையை மறைத்துக்கொண்டு, தோளை மட்டும் அசைப்பேன். என் கணவர் என் தோளைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டு மேசையில் தட்டுவார். மார்கழி முழுக்க, காலையில் டீ குடித்ததும் இதுதான் எங்கள் வேலை. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் ஒருமுறைகூடத் தவறாமல் தட்ட ஆரம்பித்தபோது நான் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

தையில் தேறிவிட்டார். ஆர்டர் வந்த அன்றைக்கு ஷாப் முழுக்க லட்டு கொடுத்தார். வீட்டிலும் கொண்டாட்டம். நானும் லட்டுத் தின்றேன், இனித்தது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் அது எங்கள் இரண்டு பேரின் பாவமாகப் போயிருக்கும். காதில் அரிப்பு இருந்ததும், பொண்டாட்டி ஏதோ எண்ணெய் ஊற்றியதும், அரிப்பு போனதும் ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். அதே காதோடு போய் ஆடியோ டெஸ்டில் தேறியதும் தெரியும். அப்புறம் வேறென்ன அத்தாட்சி வேண்டும்? என் செல்போனில் இருந்த வட்டத்தின் படம் அவருடைய லைன் ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றியது. நான்தான் முன்பு அவருக்கு அனுப்பியிருந்தேன். படப்பையில் நாட்டு மருந்துக் கடையில் ஒருநாள் ஓமம் வாங்கப் போனபோது, கடைக்காரர் தாமாகவே சொன்னார்: “கிராம்புத் தைலம் மட்டும் கேக்காதம்மா. கம்பெனி பசங்க வந்து வாங்கினு போயிட்டே கீறாங்க.” ஓமத்தை வாங்காமலே திரும்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சண்டை போட்டேன். “ஊத்தாதீங்கன்னு சொல்லுங்க.”

“ஏன்னு கேப்பாங்களே. இன்னா சொல்றது?”

“டாக்டர் வேண்டாம்னு சொன்னாகன்னு சொல்லுங்க.”

“எந்த டாக்டரு, எதுக்குப் போனன்னு கேப்பாங்க. உனக்கு ஒன்னும் ஆவலயே, டெஸ்டே பாஸ் பண்ணிட்டியேன்னு கேப்பாங்க.” எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். “குடும்பமே என் சம்பளத்த நம்பினு கீதும்மா.”

கேட்டவர்களிடமெல்லாம், அதெல்லாம் எல்லாருக்கும் ஒத்துக்காது என்று பட்டும் படாமலும் சொன்னேன். சொல்லித்தராமல் ஒளிக்கிறாள் என்று அவர்கள் சிரித்தார்கள்.

பங்குனியில் ஒருநாள் ஷாப்பில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி இடப்பக்கமாகப் பின்னால் வந்திருக்கிறது. ஹாரன் அடித்தபடிதான் வந்ததாம். இவர் நகரவே இல்லை. பக்கத்து பிரஸ்ஸில் நிற்கிற கூட்டாளி சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். “இயர் பிளக் டைட்டா வெச்சிட்டேன்” என்று சொல்லிச் சமாளித்ததாகச் சொன்னார், சட்டையில் கிழிந்த தோள்பட்டையை என்னிடம் தைக்கக் கொடுத்துக்கொண்டே. அன்று இரவே தைத்துக் கொடுத்தேன்.

இழுத்த அந்தக் கூட்டாளி இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். இவரைவிட ஒரு வயது சின்னவர், இவரை மச்சான் என்றும் என்னை அண்ணி என்றும்தான் கூப்பிடுவார். இவர் கூடத்தில் நாற்காலி போட்டுச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வலப்பக்கம் டிவியில் கிரிக்கெட் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளி அவருக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், என்னெதிரே பாயில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தார். மூடியைத் திருகியதும் கிராம்பு வாசனை வந்தது.

“எங்கெங்கயோ அலைஞ்சி வாங்கியாந்தேன் அண்ணி. ஒரு சொட்டா, ரெண்டு சொட்டா?”

“வேண்டாம். டாக்டர்கிட்ட போங்க.”

“அடுத்த பேட்ச்ல என் பேர் வந்துகீது. டாக்டராண்ட போக முடியுமா? எத்தினி சொட்டுன்னு மட்டும் சொல்லுங்க.” சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “ஒன்னே ஒன்னு கேக்கணும். சின்னப் புள்ளையா இருந்தப்போ எனக்குக் காதுல சீழு வந்துகினே இருக்கும். அது ஒன்னும் பண்ணாதில்ல?”

இரண்டு வாரத்துக்கு முன்னால் என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்த கை, அந்தப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் கணவரைப் பார்த்தேன். அவர் வெங்காயத் தோலை ஊதிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் அவருடைய ஏழு வருடம் போய்விடும். சொல்லாவிட்டால் இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இன்னொருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

நான் குரலைத் தாழ்த்தவில்லை. எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன்.

“அவுகளுக்கு இடது காது கேக்காது. சுத்தமா கேக்காது. நான் ஊத்துன இந்த எண்ணெயாலதான் போச்சு. டெஸ்ட்ல ஏமாத்திட்டு வந்தாக.”

கூட்டாளி புட்டியைக் கீழே வைத்தார். மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்தார். இவர் அடுத்த வெங்காயத்தை எடுத்தார். டிவியில் யாரோ ஃபோர் அடிக்க, “அடிச்சான் பாரு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கூட்டாளி கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு, “மச்சான்” என்றார். இவர் திரும்பவில்லை. இன்னொரு முறை, “மச்சான்” என்றார். அதற்கும் திரும்பவில்லை. கூட்டாளி புட்டியின் மூடியைத் தேடித் தேடித் திருகி மூடினார். அவர் கண் கலங்கியிருந்தது. இனி அவர் யாரிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஓவர் முடிந்து விளம்பரம் வந்ததும் இவர் எங்கள் பக்கம் திரும்பினார். இரண்டு பேரும் தன்னையே பார்ப்பதையும், கூட்டாளியிடம் இருந்த புட்டியையும் கண்டு சிரித்தார்.

“இன்னாடா, எத்தினி சொட்டுன்னு சொன்னாளா, இல்லையா?”

கூட்டாளி எழுந்து, சுற்றிப்போய் அவருடைய வலப்பக்கம் நின்றார்.

“சொல்லிட்டாங்க மச்சான்” என்றார், கொஞ்சம் சத்தமாக.